அணி எப்பே ஆட்டத்துக்கு ஒரு போட்டி வாள்: எந்தப் பாகம் தேறுகிறது, எது கவிழ்க்கிறது

2024 ஆகஸ்ட் 2 அன்று பாரிஸ் கிராண்ட் பலேயில் நடந்த ஒலிம்பிக் வாள்வீச்சின் ஆண்கள் அணி எப்பே (நுனியால் குத்திப் புள்ளி எடுக்கும் வாள் வகை) இறுதி, ஒன்பது சுற்று முடிந்த பிறகும் 25-25 என்றே நின்றது. கூடுதலாகக் கொடுத்த நிமிடத்தில் ஹங்கேரியின் ஷிக்லோஷி, ஜப்பானின் கோகி கனோ மீது ஒரே ஒரு புள்ளி எடுத்தார். 26-25, தங்கம் ஹங்கேரிக்கு. கனோ அதே பாரிஸில் தனிநபர் எப்பே தங்கம் வென்றவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் புள்ளியின் கனம் தெரியும்.

அந்தப் புள்ளியை, அடி பட்டதை விளக்கு எரித்துக் காட்டும் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாளின் நுனியில் இருக்கும் 8 மில்லிமீட்டர் பொத்தான். அதனால் 'போட்டிக்குத் தயார்' என்று விற்கப்படும் எலெக்ட்ரிக் எப்பேயை மதிப்பிடும்போது பிளேடின் பளபளப்பில் தொடங்கக்கூடாது, நுனியில்தான் தொடங்க வேண்டும். இங்கே பார்ப்பது மராஜிங் எஃகுப் பிளேடு, ஜெர்மன் வகை பாயிண்ட் (நுனிப் பொத்தான் அமைப்பு), பிஸ்டல் கைப்பிடி, மூன்று முனை சாக்கெட் கொண்ட வழக்கமான செட். கூடவே பாடி வயர், அதாவது வாளை வீரரின் உடைக்குள்ளாக, விளக்குப் பெட்டியோடு சேர்ந்த ரீலுடன் இணைக்கும் வயர்.

பாயிண்ட்டைப் பிரித்தால் வெளியே ஒரு பாரல் (குழல்), உள்ளே நுனித்தலை, ஒரு பிரஷர் ஸ்பிரிங், நுனித்தலையின் அடியில் திருகிய சின்ன காண்டாக்ட் ஸ்பிரிங், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த இரண்டு பொடி ஸ்க்ரூ. பாரலின் அடியில் இரண்டு வயர்கள் வந்து முடிகின்றன. நுனி அமுங்கும்போது காண்டாக்ட் ஸ்பிரிங் இரண்டையும் இணைக்கிறது, விளக்கு எரிகிறது. இன்னொரு வாள் வகையான ஃபாயிலில் மின்சுற்று எப்போதும் மூடியிருந்து, அடிக்கும்போது திறக்கும். எப்பேயில் திறந்தே இருந்து, அடிக்கும்போது மூடும். இதன் விளைவு முக்கியமானது: எப்பேயில் வயர் அறுந்தால் எந்த விளக்கும் எரிந்து எச்சரிக்காது. அடித்தது பதிவாகாமல் போகும்போதுதான் தெரியும்.

இந்த வகை பாயிண்ட்டின் பெரிய பலம், களத்தோரத்திலேயே சரிசெய்ய முடிவது. சோதனை மூன்று. வாளைச் செங்குத்தாக நிறுத்தி நுனியில் 750 கிராம் எடையை வைத்து அமுக்கி விட்டால், ஸ்பிரிங் அதை மேலே தூக்க வேண்டும். தூக்காவிட்டால் பிரஷர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதை இழுத்து நீட்டினால் அப்போதைக்குத் தேறும், ஆனால் ஓரிரு ஆட்டத்தில் மறுபடி படுத்துவிடும். மாற்றிவிடுவதே மேல். இரண்டாவது, 1.5 மி.மீ. தகடு நுனித்தலைக்கும் பாரலுக்கும் நடுவே நுழைய வேண்டும். மூன்றாவது, 0.5 மி.மீ. தகட்டை நுழைத்து நுனியை அமுக்கினால் விளக்கு எரியக்கூடாது. எரிந்தால் காண்டாக்ட் ஸ்பிரிங் நீளம் அதிகம், அரைச் சுற்று உள்ளே திருகிப் பார்க்க வேண்டும். முழுக்க அமுக்கியும் எரியவில்லை என்றால் எதிர்ப்பக்கம் திருக வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்த புது வாள் என்பதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். 0.5 தகட்டில் புது பாயிண்டும் தவறலாம்.

இதன் பலவீனம் அந்த இரண்டு ஸ்க்ரூ. அடி வாங்க வாங்கத் தளரும். ஒன்று விழுந்தால் நுனி சாய்ந்து சிக்கும், இரண்டும் விழுந்தால் நுனியே பறந்துவிடும். பொருத்தமான அகலமுள்ள திருப்புளியால் ஆட்டத்துக்கு முன் இறுக்கிப் பார்ப்பது போதும். பலத்தோடு முறுக்கினால் தலையின் வெட்டு தேய்ந்து பிறகு கழற்றவே வராது. உதிரி ஸ்க்ரூவை வாங்கும்போது பாரல் தயாரித்தவரிடமே வாங்குங்கள். ஒருவரின் நுனித்தலை இன்னொருவரின் பாரலில் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் சீராக ஏறி இறங்காது. நுனி சிக்குகிறதே என்று எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் உலோகத்தூளைப் பிடித்து வைக்கும். ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டாலே போதும்.

பிளேடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மராஜிங் எஃகில் விரிசல் மெதுவாகப் பரவும், ஆயுள் கூடும், அதற்குத்தான் அந்த விலை. நீளம் 90 செ.மீ., முழு வாளின் எடை 770 கிராமுக்குள். வாங்கும்போது வளைவுத்தன்மையை மட்டும் கவனியுங்கள்: நுனியிலிருந்து 70 செ.மீ. தள்ளிப் பிடித்து, நுனியிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் 200 கிராம் தொங்கவிட்டால் 4.5 முதல் 7 செ.மீ. வரை தாழ வேண்டும். கையைக் குறிவைத்து நுனியால் கொத்தி ஆடுபவருக்கு விறைப்பான பிளேடு நுனியை அலையாமல் நிறுத்தித் தரும்.

பிளேடின் பள்ளத்தில் ஓடும் இரண்டு வயரும் பசையும்தான் அடுத்த தொல்லை. நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள், அதிகம் வளையும் இடத்தில், பசை உரிந்து வயர் எழும்பும். எழும்பிய வயர் எதிராளியின் வாளில் உரசி அறும். ஆகவே வாரம் ஒருமுறை விரல் நகத்தால் பள்ளம் நெடுக ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும் இடத்தில் ஒரு சொட்டு பசை போதும். முழு வயரையும் மாற்றுவதாக இருந்தால் பழைய பசையைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, பள்ளம் வளைவின் வெளிப்பக்கம் வரும்படி பிளேடை லேசாக வளைத்துக் கட்டிவிட்டு ஒட்டுங்கள். நேராக வைத்து ஒட்டினால், முதல் அழுத்தமான அடியில் பிளேடு வளையும்போது வயர் இழுபட்டு அறுந்துவிடும்.

இனி அணி ஆட்டம். தனிநபர் போட்டியில் பழுதான வாளை ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்து சரிசெய்யலாம். அணியில் மூன்று பேர், ஆளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு அதிகபட்சம் மூன்று நிமிடம், 45 புள்ளிக்கான தொடர் ஆட்டம். ஓர் அணிக்கு 1, 2, 3, எதிரணிக்கு 4, 5, 6 என்று எண் கொடுத்தால் சுற்று வரிசை 3-6, 1-5, 2-4, 1-6, 3-4, 2-5, 1-4, 2-6, 3-5. இதில் 4-ஆம் எண்காரரைப் பாருங்கள்: 3, 5, 7 ஆகிய சுற்றுகளில் இறங்குகிறார், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே ஒரு சுற்றுதான் ஓய்வு. அந்த நேரத்தில் முகமூடியைக் கழற்றி, தண்ணீர் குடித்து, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஸ்பிரிங்கைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. 1-ஆம் எண்காரருக்கும் 2, 4 சுற்றுகளுக்கு நடுவே இதே நிலைமை. ஆகையால் அணியில் ஒரு வாள் எவ்வளவு நல்லது என்பதைவிட, அதன் ஜோடி வாள் அதே எடை, அதே சமநிலை, அதே கைப்பிடிக் கோணத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. பழகாத வாளைக் கையில் எடுத்தவரின் தூரக் கணக்கு சுற்றின் நடுவில் தடுமாறும். களத்துக்கு வரும்போது வேலை செய்யும் இரண்டு வாளும் இரண்டு பாடி வயரும் கையில் இல்லையென்றால் மஞ்சள் அட்டை வேறு.

விலை உயர்ந்த பிளேடு ஒன்றும் மட்டமான மாற்று ஒன்றும் வாங்குவது அணி வீரருக்கு மோசமான செலவு. அதே பணத்தில் ஒரே மாதிரியான நடுத்தர வாள் இரண்டு வாங்குவதே புத்திசாலித்தனம். சர்வதேசப் போட்டிக்கு இரண்டிலும் எஃப்ஐஇ (சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு) முத்திரை கட்டாயம் என்பது தனி விஷயம்.

கைக்காப்பின் உள்ளே இருக்கும் சாக்கெட்டுக்கும் கவனம் தேவை. மூன்று முனையில் இரண்டு நுனிக்குப் போகின்றன, மூன்றாவது கைக்காப்பை எர்த் செய்கிறது. சாக்கெட்டைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்தாலோ, அடியில் துரு ஏறினாலோ இந்த எர்த் போய்விடும். விளைவு உங்களுக்கு எதிராகவே வரும்: எதிராளி உங்கள் கைக்காப்பைத் தட்டினாலே அவருக்கு விளக்கு எரியும். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் நுனியால் மற்றவரின் கைக்காப்பைத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். செட்டோடு வரும் சாக்கெட் பரவாயில்லை. ஆனால் நட்டுக்குக் கீழே ஒரு பல் வாஷர் சேர்த்து இறுக்கினால் நிம்மதி.

பாடி வயர்தான் இந்தச் செட்டின் பலவீனமான கண்ணி. பிளக்குக்குள் நுழையும் இடத்தில் வயர் திரும்பத் திரும்ப மடங்கி, மேல் உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுகிறது. சுற்று முடிந்து அவசரமாக ரீலிலிருந்து கழற்றும்போது பிளக்கைப் பிடிக்காமல் வயரை இழுப்பவர்களால் பாதி வயர்கள் சாகின்றன. ஒளி ஊடுருவும் பிளக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், உள்ளே இணைப்பு கழன்றிருந்தால் பிரிக்காமலே தெரியும். மல்டிமீட்டரில் ஒவ்வொரு வயரும் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும், வாள் 2 ஓமுக்குள். அளக்கும்போது பிளக் அருகே வயரை ஆட்டிக்கொண்டே பாருங்கள். அசையாமல் வைத்து அளந்தால் அறுந்துகொண்டிருக்கும் வயரும் நல்ல எண்ணையே காட்டும்.

ரிசர்வ் ஆளாகப் போகும் நான்காமவருக்கும் இந்தச் சோதனை முழுவதும் பொருந்தும். அவர் குளிர்ந்த உடம்போடு திடீரென இறங்குவார், அவருடைய வாளில் விளக்கு எரிகிறதா என்று அன்று ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.