பிரஷர் மாத்திரையும் கடல் காற்றும்: சில வருட அனுபவம்

மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். அவருக்கும் இப்போது பிரஷர். "நீ சாப்பிடுறது நல்லா கேக்குதுல்ல, பேரைச் சொல்லு, நானும் அதையே வாங்கிக்கிறேன்" என்றார். பெயரைச் சொன்னேன். ஆனால் டாக்டரின் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். போனில் சொல்லி முடியாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் சாப்பிடுவது டெல்மிசார்டான் 40 மில்லிகிராமும் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மாத்திரை, தினம் ஒன்று. ஆரம்பத்தில் எனக்கு ராமிப்ரில் கொடுத்தார்கள். பிரஷர் இறங்கியது, ஆனால் ராத்திரி முழுக்க வறட்டு இருமல். அந்த வகை மாத்திரைகளில் சிலருக்கு அப்படி வரும் என்று டாக்டர் மாற்றினார். அடுத்து அம்லோடிபின் 10. இருமல் நின்றது, சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழும். வீக்கத்துக்காக மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர். நிறுத்தத் தேவையில்லை, டாக்டரிடம் சொன்னாலே போதும். அம்லோடிபின் அளவைப் பாதியாக்கி டெல்மிசார்டானைச் சேர்த்தார். அம்லோடிபினால் வரும் கால் வீக்கத்தை டெல்மிசார்டான் வகை மருந்து ஓரளவு குறைக்கும். எனக்குக் குறைந்தது. நூற்றறுபதைத் தாண்டி நின்ற மேல் அளவு இப்போது நூற்றிமுப்பதை ஒட்டியே இருக்கிறது. பின்தலை வலி போய்விட்டது. மருந்தாகப் பார்த்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நண்பருக்கு இதே மாத்திரை பொருந்துமா என்பது அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகுதான் தெரியும். டெல்மிசார்டான் ஆரம்பித்தால் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும், ஆரம்பித்த சில வாரத்தில் ஒரு முறை, அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் "எனக்கு ஒத்துக்கிச்சு, உனக்கும் ஒத்துக்கும்" என்று மகளுக்கோ தம்பி மனைவிக்கோ ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எந்த நேரத்தில் போடுவது என்பது அவருடைய இன்னொரு கேள்வி. காலையில் கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரை திரும்புகிறவர் அவர். நேரத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. காலையில் போடுவது நல்லதா, ராத்திரியா என்று பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து வருடக்கணக்கில் பார்த்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே உங்கள் நேரம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு வைப்பவர்கள் சஹர் நேரத்துக்கோ நோன்பு திறந்த பிறகுக்கோ மாற்றிக்கொள்ளலாம், ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது. ஒரு வேளை தவறினால் அன்றைக்கே நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் நேரம் நெருங்கிவிட்டால் தவறியது தவறியதாகவே இருக்கட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

சரி, இனி என்னைக் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஈரம்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கேட்டும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் தீப்பெட்டிகூடப் பற்றாது. இந்தக் காற்றில் டெல்மிசார்டானைத் திறந்து வைக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் எளிதாகக் கரையாத மருந்து அது. கரைவதற்காகக் காரத்தன்மையுள்ள சில பொருள்களைச் சேர்த்து மாத்திரை செய்கிறார்கள். அவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நல்ல கம்பெனிகள் இதை இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்த அட்டையில் போடுகின்றன, கடைக்காரர்கள் அலு-அலு என்பார்கள். சாப்பிடுகிற நேரம் வரை அட்டையிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது மருந்தோடு வரும் குறிப்பிலேயே உண்டு. கூட்டு மாத்திரையில் பல கம்பெனிகள் இரண்டு மருந்தையும் இரண்டு நிற அடுக்காக வைப்பதும் இதை ஒட்டித்தான், காரம் பட்டால் அம்லோடிபின் கெடும். அம்லோடிபினுக்கு வெளிச்சமும் ஆகாது. இவ்வளவு யோசித்து ஒரு மருந்தைச் செய்து அனுப்புகிறார்கள். அது நம் கைக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பாம்பனில் இருக்கும் என் மச்சானுக்கு அவர் மகன் துபாயிலிருந்து ஒரு மாத்திரைப் பெட்டி அனுப்பினான். ஏழு நாளுக்கு ஏழு அறை, உள்ளே இருப்பது தெரிகிற மூடி. பாசத்தோடு அனுப்பியது. மச்சான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கான மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்துப் போட்டு, சமையலறை ஜன்னல் திண்டில் வைப்பார். மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது அந்த அறையைத் திறந்து பார்த்தேன். மாத்திரை பிசுபிசுத்து, ஓரம் உதிர்ந்து, அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரோ மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்று டாக்டரை மாற்ற நினைத்துக்கொண்டிருந்தார். மாத்திரை கெட்டதால்தான் இறங்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், கருவாடும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த நிலையில் இருந்த மாத்திரையை நம்பி டோஸை ஏற்றியிருந்தால், நாளைக்குப் புது அட்டையிலிருந்து எடுத்துப் போடும்போது என்ன ஆகும்? இப்போதும் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார். அட்டையை ஒவ்வொரு மாத்திரையாக, தகடு கிழியாமல் கத்தரித்து, தகட்டோடு அறைக்குள் போடுகிறார். அதில் தப்பில்லை, முழு அட்டையைத் தனியாக வைத்து அதில் பெயரையும் காலாவதி தேதியையும் பார்த்துக்கொள்ளும் வரை.

அந்தத் தேதியைத்தான் பல மெடிக்கல்களில் நமக்குத் தருவதே இல்லை. பத்து மாத்திரை கேட்டால் பதினைந்து மாத்திரை அட்டையில் கத்தரியை வைப்பார்கள். பெயர் ஒரு துண்டில், தேதி இன்னொரு துண்டில். நமக்கு வருவதில் பாதி எழுத்து. அதைவிட மோசம், வெட்டும்போது ஓரத்து மாத்திரையின் குழிக்குள் கத்தரி இறங்கிவிடும். தகடு திறந்த அந்த ஒரு மாத்திரை அன்றிலிருந்தே ஈரம் குடிக்க ஆரம்பிக்கும். ஒரு கடையில் இதைச் சொன்னேன். "அண்ணே, ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பேசுறீங்க" என்றான் பையன். அந்த ஒரு மாத்திரை எனக்கு ஒரு நாள். பேசத்தான் செய்வேன்.

மாதாமாதம் கம்பெனி மாறுவது அடுத்தது. "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, கம்பெனிதான் வேற." உண்மையிலேயே மருந்தும் அளவும் ஒன்றாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மாத்திரையைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒன்றுதானா என்று படித்துப் பார்க்க வேண்டும். ஒரே பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று இருந்தால் அம்லோடிபின் சேர்ந்தது. ஹெச் என்று இருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மருந்து சேர்ந்தது. படகில் போகிறவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஹெச் வந்தால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் வியர்வையாகவும் போகும், சிறுநீராகவும் போகும்.

தேவிபட்டினத்தில் என் சின்னம்மாவுக்கு நடந்தது இன்னும் பெரிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அம்லோடிபின் வீட்டில் இருந்தது. இடையில் கால் வலிக்காகப் பார்த்த தனியார் டாக்டர் பிரஷரையும் பார்த்துவிட்டு, வேறு பெயரில் ஒரு மாத்திரை எழுதினார். அதுவும் அம்லோடிபின்தான். வெள்ளை அட்டை ஒன்று, பச்சை அட்டை ஒன்று, காலையில் இரண்டும். படுத்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், வயசு என்று நாங்களும் விட்டுவிட்டோம். கண்டுபிடித்தது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பெண். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சின்ன எழுத்தைப் படித்து, "ஆச்சி, ரெண்டும் ஒரே மருந்து, உடனே டாக்டரைப் பாருங்க" என்றார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்தபோது மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தருவது மட்டும்தான் பெரிய உபகாரம் என்று நினைத்தேன். அட்டையைப் படிக்க ஓர் ஆள் வீட்டுக்கு வருவது அதைவிடப் பெரிது. அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலிருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன், கால் வலி மாத்திரை உள்பட.

கால் வலி மாத்திரையை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், வலை இழுக்கிறவர்களுக்கு இடுப்பு வலி, தோள் வலி இல்லாத நாள் இல்லை. கடையில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடுவார்கள். அது பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, ஹெச் மாத்திரையும் இருந்தால் மூன்றும் சேர்ந்து ஆபத்து. வயிற்றுப்போக்கு, வாந்தி என்று உடம்பில் நீர் வற்றிய நாளிலும் இப்படித்தான். அன்றைக்கு டெல்மிசார்டானைத் தொடர்வதா, இரண்டு நாள் நிறுத்துவதா என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

உப்பு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளமே இருக்கிற மாவட்டம் இது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு டீஸ்பூன் அளவு. இரண்டு துண்டு கருவாடு வைத்தால் அதில் பெரும்பங்கு போய்விடும். ஆனால் அதற்கு மாற்றாகச் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கும் முன் யோசியுங்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை ஏற்றும். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இரண்டையும் சேர்க்கக் கூடாது. சாதாரண உப்பைக் குறைத்துப் போடுவதே மேல்.

நான் அட்டைகளை இறுக்கி மூடும் எவர்சில்வர் டப்பாவில், படுக்கையறை மர அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறேன். சமையலறை ஆவி இல்லை, குளியலறை ஈரம் இல்லை, பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாது. சின்னக் குழந்தைக்கு ஒரு அம்லோடிபின்கூட ஆபத்தாகலாம், எட்டாத உயரம் என்பதில் சமரசமே கிடையாது. பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் அட்டைமேல் நீர் கோக்கும். படகில் கொண்டுபோவதாக இருந்தால் அன்றைக்கும் மறுநாளைக்கும் ஆன மாத்திரையை மட்டும் தகட்டோடு, நீர் புகாத டப்பாவில், இன்ஜின் சூட்டுக்கு எட்டத்தில் வைக்கலாம்.

வீட்டில் பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக வைத்துப் பார்க்கிறேன். டீ குடித்த கையோடு பார்ப்பதில்லை. 180க்கு 120 என்று ஏறி, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வாய் கோணுவதோ கை மரப்பதோ இருந்தால் 108தான். கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால், மருந்தைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இந்தக் கூட்டு மாத்திரைக்கு ஐந்துக்கு இரண்டரைதான் தருவேன். நியாயமில்லை என்று தெரிகிறது. ஒரே மாத்திரை என்றால் மறதி குறையும், பெரும்பாலானவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் போன மாதமும் வெட்டிய அட்டை, போன மாதமும் வேறு கம்பெனி, ஓரத்து மாத்திரை ஒன்று குழியிலேயே மாவாகக் கிடந்தது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது டெல்மிசார்டானையும் அம்லோடிபினையும் தனித்தனியாக எழுதித் தர முடியுமா என்று கேட்கப் போகிறேன். முடியாது என்றால் இதையே தொடர்வேன், வெட்டாத முழு அட்டை தருகிற கடை எத்தனை தூரத்தில் இருந்தாலும் போய் வாங்கி.