எஃப்டி கிரெடிட் கார்டு: சிபிலே இல்லாதவர்களுக்கு முதல் கார்டாக இது சரிவருமா?

கடன் வாங்கினால்தான் சிபில் ஸ்கோர், அதாவது கடனைக் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண், வரும். ஸ்கோர் இருந்தால்தான் கடன் தருவார்கள். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த யாரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஆனால், மறுக்க வேண்டும் என்று முடிவு செய்த வங்கிக்கு வேறு காரணமா கிடைக்காது?

இந்தச் சுவரில் இருக்கும் சின்னக் கதவுதான் எஃப்டி கார்டு. நீங்கள் ஒரு ஃபிக்சட் டெபாசிட் போடுகிறீர்கள். வங்கி அதன் மேல் லியன் போட்டு, அதாவது கார்டு இருக்கும்வரை நீங்கள் எடுக்க முடியாதபடி பிடித்து வைத்து, அந்தத் தொகையில் 75 முதல் 100 சதவீதம் வரை லிமிட் வைத்து கார்டு தருகிறது. கையில காசு, வாயில தோசை கணக்குதான். பெரும்பாலும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை, பழைய ஸ்கோரையும் பார்ப்பதில்லை. 18 வயது முடிந்த மாணவருக்கே தரும் வங்கிகளும் உண்டு. எஸ்பிஐ கார்டின் உன்னதி, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்டின் வாவ் போன்றவை இந்த ரகம். குறைந்தபட்ச டெபாசிட் வங்கிக்கு வங்கி மாறும், அடிக்கடியும் மாறும். 20,000, 25,000 ரூபாய் கையில் இருந்தால் பெரும்பாலான இடங்களில் கதவு திறக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரிவார்டு பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்ச், கேஷ்பேக் என்று பார்த்தால் இது சுமாரான கார்டு. கடன் பதிவைத் தொடங்கும் கருவியாகப் பார்த்தால் இப்போதைக்கு இதைவிட நல்லது இல்லை. செலவுக்காக வாங்குபவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் வேறு எதுவும் பதிவாகாது என்று கேட்பவர்கள் நிறைய. டெபிட் கார்டில் லட்சக்கணக்கில் தேய்த்தாலும், சேமிப்புக் கணக்கிலிருந்து ஜிபேயில் அனுப்பினாலும் அது உங்கள் பணம், கடன் அல்ல. பத்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் சீட்டு கட்டியவருக்கும் சிபிலில் ஒரு வரி இருக்காது. தெருமுனை அடகுக் கடையில் வைத்து மீட்ட நகையும் அப்படியே. அதே நகையை வங்கியில் வைத்தால் அது கடனாகப் பதிவாகும். வீட்டில் நகை இருந்து, ஏற்கெனவே பணத் தேவையும் இருந்தால், உங்கள் பெயரில் எடுக்கும் சிறிய நகைக்கடனும் ஒரு தொடக்கம்தான். ஆனால் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனில் மாதாமாதம் கட்டிய வரலாறு உருவாகாது. கார்டு இங்கேதான் முந்துகிறது. அப்பாவின் கார்டில் ஆட்-ஆன் கார்டு வாங்கிக்கொள்வது செலவுக்கு வசதி, அவ்வளவுதான். பதிவு அப்பாவின் கணக்கில்தான் ஏறும்.

டெபாசிட் போடும்போதே சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பெரிய எஃப்டியைக் காட்டி கார்டு வாங்காதீர்கள். ஒரு லட்சம் ரூபாய் எஃப்டி மேல் சிறிய லிமிட் எடுத்தாலும் பொதுவாக மொத்த எஃப்டியும் பூட்டப்படும். கார்டுக்கென்று தனியாக, சிறியதாக ஒன்று போடுங்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் பணமாக அது இருக்கக் கூடாது. முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோ ரினியூவலைத் தேர்ந்தெடுங்கள். அதை விட்டால் ஒரு வருடம் கழித்து எஃப்டி முதிரும் நாளில் கார்டு நின்றுபோன கதைகள் உண்டு. எஃப்டிக்கு வழக்கமான வட்டி வந்துகொண்டே இருக்கும். வங்கியில் ஒருவருக்கு மொத்தம் 5 லட்சம் ரூபாய் வரையான டெபாசிட்டுக்குக் காப்பீடும் உண்டு. ஆகவே பணம் போய்விடுமோ என்ற பயம் தேவையில்லை. ஆண்டுக் கட்டணம் இருக்கிறதா, முதல் வருடத்துக்கு மட்டும் இலவசமா, ஆயுளுக்குமா என்பதை மட்டும் கட்டண அட்டவணையில் நேரடியாகப் பார்த்துவிடுங்கள். 500 ரூபாய் கட்டணம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 590.

பெயர் விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, பான், போன் எண், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் ஒரு கணக்கு யாருடையது என்று முடிவு செய்கின்றன. இவை ஒத்துப்போகாவிட்டால் உங்கள் கார்டு வேறொருவரின் கடன் ரிப்போர்ட்டில் போய் உட்காரலாம். அல்லது யாரோ வாங்கிய கடன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து நிற்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பானில் உள்ளபடி மாற்றிக்கொள்வது நல்லது. பிற்பாடு திருத்துவதைவிட இது எளிது.

இனி முக்கியமான பகுதி: லிமிட். எஃப்டி கார்டின் பலவீனம் முழுக்க இதில்தான் இருக்கிறது. 20,000 எஃப்டிக்கு 90 சதவீதம் லிமிட் என்றால் 18,000. பயன்பாடு லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான நடைமுறை விதி. அப்படியானால் 5,400 ரூபாய். ஒரு 9,000 ரூபாய் போன் வாங்கினால் பாதி லிமிட் காலி. பெரிய லிமிட் வைத்திருப்பவர் அதே போனை வாங்கினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலோ கழுத்துவரை கடனில் இருப்பவர் போலத் தெரியும். பிறகு பில்லை முழுக்கக் கட்டினாலும் அந்த மாதம் போய்ச் சேர்ந்த தகவல் அதுதான்.

இதற்கு வழி தேதியில் இருக்கிறது. ஸ்டேட்மென்ட், அதாவது மாத பில், 12ஆம் தேதி வரும் என்று வையுங்கள். போனை வாங்கிவிட்டு 10ஆம் தேதியே 7,000 ரூபாயைக் கட்டிவிட்டால் ஸ்டேட்மென்ட்டில் 2,000தான் நிற்கும். பில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். மாதத்தின் 15ஆம் தேதி, கடைசித் தேதி என்பது அப்போது வைத்த கணக்கு. உங்கள் வங்கி எந்த நாளின் பாக்கியை அனுப்புகிறது என்பதை கஸ்டமர் கேரில் கேட்டால் பதில் வராது. உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். கார்டின் கீழே 'கரண்ட் பேலன்ஸ்' என்றும், தகவல் தந்த தேதி என்றும் இரண்டு வரி இருக்கும். அந்தத் தொகையையும் தேதியையும் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டால் புதிர் அவிழ்ந்துவிடும். இதை ஒரு தடவை செய்தால் போதும்.

மாதம் எவ்வளவு செலவு செய்ய வேண்டும்? 1,500 முதல் 3,000 வரை போதும். போன் ரீசார்ஜ், பெட்ரோல், இன்டர்நெட் பில் என்று எப்படியும் செலவாகும் காசை இதில் போடுங்கள். அதிகமாகத் தேய்த்தால் ஸ்கோர் வேகமாக ஏறும் என்பது கட்டுக்கதை. ஒன்றுமே தேய்க்காமல் அலமாரியில் வைப்பதும் சரியல்ல. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, தகவல் சொல்லிவிட்டு மூடும் நடைமுறையை வங்கி தொடங்கும். ரூபே கார்டு என்றால் யுபிஐயில் இணைத்து கடைகளில் ஸ்கேன் செய்யலாம், தனிநபருக்கு அனுப்ப முடியாது. வசதிதான். ஆனால் டீ, வடை, ஆட்டோ என்று முப்பதும் ஐம்பதுமாக ஏறி 18,000 லிமிட்டைத் தின்பது கண்ணுக்கே தெரியாது. முதல் ஆறு மாதத்துக்கு அந்த இணைப்பைத் தவிர்ப்பதே மேல்.

கட்டும் பக்கத்தில் ஒரே ஒரு அமைப்பு: ஆட்டோ டெபிட், அதுவும் 'டோட்டல் டியூ'வுக்கு, அதாவது முழு பில் தொகைக்கும். ஆப்பில் பல சமயம் 'மினிமம் டியூ' முன்கூட்டியே டிக் ஆகி இருக்கும், கவனியுங்கள். 6,000 ரூபாய் பில்லுக்கு 5 சதவீதம் மினிமம் என்றால் 300 மட்டும் எடுக்கும். மீதி 5,700க்கு மாதம் 3.5 சதவீதம் என்று கணக்கிட்டால் சுமார் 200 ரூபாய் வட்டி, ஜிஎஸ்டி 36, ஆக 236. உங்கள் 20,000 ரூபாய் எஃப்டி 6.5 சதவீதத்தில் மாதத்துக்குத் தருவது 108 ரூபாய். உங்கள் பணத்தையே உங்களுக்குக் கடனாகக் கொடுத்து, நீங்கள் வாங்கும் வட்டியைவிட இரண்டு மடங்கை உங்களிடமே வசூலிக்கிறார்கள். போதாததற்கு பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஏடிஎம்மில் பணம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அன்றைய தேதியிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணம்.

சம்பளம் 1ஆம் தேதி, கார்டு டியூ 28ஆம் தேதி என்று அமைந்தால் ஆட்டோ டெபிட் வறண்ட கணக்கில் போய் முட்டும். கார்டிலும் கட்டணம் விழும், வங்கி பவுன்ஸ் கட்டணமும் போடும். பில்லிங் சுழற்சியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஸ்டேட்மென்ட்டை மாத நடுவுக்கு மாற்றினால் டியூ தேதி அடுத்த மாத முதல் வாரத்தில், சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்து விழும்.

"எஃப்டி அவர்களிடம்தானே இருக்கிறது, கட்டாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள்" என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த கார்டைப் பற்றிய மிக மோசமான தவறான புரிதல் இது. டியூ தேதி தாண்டியதும் வங்கி எஃப்டியில் கை வைக்காது. தாமதக் கட்டணம் போடும், வட்டி போடும், பாக்கி நீண்டுகொண்டே போனால்தான் எஃப்டியை உடைக்கும். டியூ தேதிக்குப் பின் மூன்று நாள் வரை தாமதமாகப் பதிவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. நான்காவது நாளிலிருந்து அந்தச் சலுகை இல்லை, நாள்களும் டியூ தேதியிலிருந்தே எண்ணப்படும். சிபில் ரிப்போர்ட்டில் 36 மாதத்துக்கு மாதம் ஒரு கட்டமாக, எத்தனை நாள் தாமதம் என்று தெரியும். எல்லாக் கட்டத்திலும் 000 இருப்பதுதான் நீங்கள் எஃப்டி போட்டு வாங்கிய உண்மையான பொருள். அதில் ஒரு 34 விழுந்தால் 20,000 ரூபாய் டெபாசிட் அதைத் துடைக்காது.

இதற்குப் போட்டியாக இளைஞர்கள் எடுப்பவை கடை இஎம்ஐயும் கடன் ஆப்புகளும். பிரிட்ஜுக்கோ லேப்டாப்புக்கோ உண்மையாகத் தேவை இருந்தால் ஒரு இஎம்ஐ கெடுதல் இல்லை. 'வட்டியில்லா' இஎம்ஐயில் பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். ஆப்பில் எடுக்கும் 2,000, 3,000 ரூபாய்க் கடன்கள் வேறு கதை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடனாக ஏறி, 22 வயதில் ரிப்போர்ட் பதினைந்து கடன்களோடு நிற்கும். வீட்டுக்கடன் அதிகாரி அதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

ஸ்கோர் 300 முதல் 900 வரை. வரலாறே இல்லாதவருக்கு எண்ணுக்குப் பதில் என்எச் அல்லது -1 வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே என்று அதற்கு அர்த்தமில்லை. ஏறக்குறைய ஆறு மாதத்தில் எண் வரும். சிபில் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று மேலும் மூன்று நிறுவனங்கள் உண்டு. நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்க இலவசமாகக் கண்காணிக்கலாம். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீராவிட்டால் அதற்குப் பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

12 முதல் 18 மாதம் 000 ஓடியபின், சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில், டெபாசிட்டை ஈடாகக் கேட்காத சாதாரண கார்டு ஒன்றைக் கேளுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் விண்ணப்பித்தால் ஐந்து விசாரணையும் பதிவாகும், பணத்துக்கு அலைபவர் போலத் தெரியும். புதியது கைக்கு வந்த பிறகே எஃப்டி கார்டை மூடுவதா என்று யோசியுங்கள். ஆண்டுக் கட்டணம் இல்லை, எஃப்டி பணமும் அவசரமாகத் தேவையில்லை என்றால் பழைய கணக்காக அப்படியே விட்டுவைப்பதே லாபம்.

மூடுவதானால் முதலில் பாக்கியைக் கட்டி, ஆட்டோ டெபிட்டில் ஓடும் ஓடிடி சந்தா போன்றவற்றை நிறுத்துங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். இங்கே இடறுவது பெரும்பாலும் சில்லறைதான்: கடைசி பில்லுக்குப் பின் ஏறிய 11 ரூபாய் வட்டிக்காகக் கணக்கு திறந்தே கிடக்கும், எஃப்டியும் பூட்டியே இருக்கும். அதனால் மூடிய குறுஞ்செய்தி வந்ததும் நெட் பேங்கிங்கில் எஃப்டி மேல் லியன் தொகை பூஜ்ஜியமா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 'செட்டில்டு' என்று இருந்தால் அன்றே புகார் போடுங்கள். பாக்கியைக் குறைத்துப் பேசி முடித்தவர்களுக்குப் போடும் முத்திரை அது.