'அன்பிளக்டு' பள்ளிக் கையேடு: நம் கடற்கரைப் பள்ளிகளுக்கு ஒத்துவருமா?

பிள்ளைகள் குடிப் பக்கம் போகாமல் இருக்கப் பள்ளிகளில் செய்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று பதாகை பிடித்து ஒரு பேரணி, ஒரு உறுதிமொழி, கெட்டுப்போன ஈரலின் படம், குடியை விட்ட ஒருவரின் உரை. இவற்றால் மட்டும் பழக்கம் மாறாது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார். நாடு முழுக்கப் பரவியும் பலன் தெரியவில்லை. கடைசியில் பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஐரோப்பாவில் உருவான 'அன்பிளக்டு' என்ற போதைத் தடுப்புத் திட்டம் வேறு வகை. 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 12 பாடங்கள், பாடத்துக்கு ஒரு மணி நேரம். எடுப்பவர் வெளியாள் இல்லை, வகுப்பாசிரியர்தான். அவருக்கு முன்கூட்டியே மூன்று நாள் பயிற்சி. ஏழு ஐரோப்பிய நாடுகளில் 170 பள்ளிகளில் 7,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், போதையேறக் குடிப்பது பாடம் படித்த பிள்ளைகளிடம் குறைவாக இருந்தது. ஆங்கிலக் கையேடு இணையத்தில் இலவசம். அதை ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்கு எடுத்தால் எது நிற்கும், எது நிற்காது என்பதுதான் இந்த மதிப்புரை.

கையேட்டின் உயிர் நான்காம் பாடத்தில் இருக்கிறது. 'எல்லாரும்தான் குடிக்கிறாங்க' என்ற நினைப்பே பையனை முதல் கிளாஸுக்கு இழுக்கிறது. உண்மையில் எட்டாம் வகுப்பில் குடித்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேர் சத்தமாகப் பேசுவதால் நிறைய பேர் போலத் தெரிகிறது. இதை ஆசிரியர் வாயால் சொன்னால் எடுபடாது, பிள்ளைகள் எழுதிய சீட்டே சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரே அளவில் வெட்டிய தாளும் ஒரே நிறப் பென்சிலும் எல்லாருக்கும் கொடுங்கள். கேள்வி இரண்டு. போன 30 நாளில் குடித்தாயா? உன் வகுப்பில் 10 பேரில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்? முதல் கேள்விக்கு டிக், இரண்டாவதற்கு ஒரு எண். எழுத்தே வேண்டாம், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சீட்டை இரண்டாக மடித்து ஒரு அட்டைப்பெட்டியில் போடச் சொல்லுங்கள். பெட்டி ஆசிரியர் கையில் இல்லாமல் மேசை மேல் இருக்கட்டும்.

அங்கேயே பிரித்து எண்ண வேண்டாம். சாயங்காலம் எண்ணிப் பாருங்கள். நினைப்பு 10-க்கு 6, நிஜம் 10-க்கு ஒன்றுகூட இல்லை என்கிற மாதிரி வந்தால், மறுவாரம் இரண்டு எண்ணையும் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள், வகுப்பே பேச ஆரம்பிக்கும். நிஜ எண்ணும் கூடுதலாக இருந்தால் அதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் 'அப்போ நாமும் குடிக்கலாம்' என்றுதான் போய்ச் சேரும். இந்தப் பாடத்தைப் பதினொன்றாம் வகுப்புக்குத் தள்ளிப்போடாமல் எட்டிலேயே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். 15 பேருக்கும் குறைவான வகுப்பில் இதைச் செய்யவே வேண்டாம், டிக் போட்டது யார் என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் பாடம் மதுவைப் பற்றியது. தகவல் சரிதான், ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுகளில் இல்லை. குவாட்டர், கட்டிங், பீர் என்று பேசினால்தான் காதில் ஏறும். காலி பாட்டிலை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம், சிரிப்பிலேயே நேரம் போய்விடும். கரையில் கிடைக்கிற சோழி போதும். ஒரு சோழி 10 கிராம் ஆல்கஹால். 180 மில்லி குவாட்டருக்கு 6 சோழி, 90 மில்லி கட்டிங்குக்கு 3. 'பீர்னா வெறும் தண்ணி' என்பவர்களுக்கு 650 மில்லி பாட்டிலைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 5 சதவீதம் என்றால் இரண்டரைச் சோழி, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 4. வளர்ந்த ஆளின் ஈரலே மணிக்கு ஏறத்தாழ ஒரு சோழிதான் கழிக்கும். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 45 கிலோ எடையுள்ள பையனுக்கு ஒரு கட்டிங், ரத்தத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த ஒரு கணக்கை மேசை மேல் சோழி அடுக்கிச் செய்தால் போதும், ஈரல் படம் தேவைப்படாது.

கையேடு நமக்குப் பொருந்தாமல் நிற்பது ஏழாம் பாடத்தில். மறுத்துப் பேசப் பழக்கும் பாடம் அது. அதன் மனதில் இருப்பது கூட்டாளி கொடுக்கும் கிளாஸ். நம் கரையில் பல நேரம் கொடுப்பது கூட்டாளி இல்லை, பெரியவர். கரைக்கு வந்து பங்கு பிரித்த கையோடு 'பிடிடா மாப்ள, ஆம்பளதானே நீ' என்கிற மாமா. துக்க வீட்டிலோ திருவிழாவிலோ அண்ணன் முறைக்காரர். கூட்டாளியிடம் 'வேணாம்டா, விடு' என்று முகம் பார்த்துச் சொல்லலாம். மாமாவிடம் அப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும். ஆகவே கூட்டாளிக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என இரண்டு நாடகம் வேண்டும். பெரியவரிடம் முதலில், குரலை இறக்கி ஒரே காரணம்: 'வேணாம் மாமா, நாளைக்கு மேட்ச் இருக்கு.' காரணத்தை மாற்றி மாற்றிச் சொன்னால் பேரம் தொடங்கிவிடும். அடுத்து, கையில் டீயோ சோடாவோ எடுத்துக்கொள்வது. வெறுங்கையில்தான் கிளாஸைத் திணிப்பார்கள். மூன்றாவது, அந்த இடத்தை விட்டு நகர்வது.

படகில் மட்டும் இந்த மூன்றாவது நடக்காது, கடலில் நகர்ந்து எங்கே போவது? லீவு நாளில் அப்பாவோடு கடலுக்குப் போகிற பையன், படகு ஏறும் முன்பே அப்பாவிடமோ டிரைவரிடமோ 'எனக்கு அது வேணாம்' என்று சொல்லிவிட வேண்டும். இந்தக் காட்சியைக் கையேட்டில் சேர்த்தே ஆக வேண்டும்.

சேர்ப்பது என்றால் எதையும் எடுத்துவிட்டுச் சேர்ப்பதல்ல. பிரேசிலில் இதே திட்டத்தை '#தாமோஜுன்தோ' என்ற பெயரில் மாற்றியமைத்து 72 அரசுப் பள்ளிகளில் சோதித்தபோது, பாடம் படித்த பிள்ளைகளில்தான் புதிதாகக் குடியைத் தொட்டவர்கள் அதிகம். மூலப் பாடத்தை மாற்றிய விதத்தின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. பெயர், இடம், நாடகக் காட்சி மாறலாம். நினைப்பையும் நிஜத்தையும் ஒப்பிடும் நான்காம் பாடமும், ஏழாம் பாடத்தின் பயிற்சியும், கஷ்டத்தைத் தாங்கவும் முடிவெடுக்கவும் பழக்கும் பத்தாம், பதினொன்றாம் பாடங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

புகையிலைப் பாடம் சிகரெட்டையே சுற்றுகிறது. உதட்டில் அடக்கும் பொட்டலத்தைச் சேர்த்துக்கொண்டால் சரி.

கஷ்டங்களைத் தாங்கப் பழக்கும் பத்தாம் பாடம் அருமையானது, ஆனால் கையாள்வது கடினம். அப்பா குடிக்கிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிற பிள்ளையும் இருக்கலாம். 'உங்க வீட்ல யாரு குடிப்பாங்க?' என்ற கேள்வி எந்த வகுப்பிலும் எழக் கூடாது. இதை முதல் பாடத்திலேயே விதியாகச் சொல்லிவிட வேண்டும். தனியாக வந்து சொல்கிற பிள்ளையிடம் அறிவுரை வேண்டாம், முழுதாகக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 இரண்டும் வகுப்புச் சுவரில் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை என்பது ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நேரம்தான் பெரிய இடைஞ்சல். நம் பீரியடு 40, 45 நிமிடம். ஒரு மணி நேரப் பாடத்தை அதில் அடைக்கும்போது ஆசிரியர் முதலில் வெட்டுவது நாடகத்தையும் குழுப் பேச்சையும்தான். பலன் தருவதே அவைதான். வாரம் ஒரு நாள் இரண்டு பீரியடை அடுத்தடுத்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தொடக்க விளையாட்டைக் குறைக்கலாம். ஜூன் பாதியில் தொடங்கினால் 12 வாரம் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடியும். ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும், பங்குப் பணம் புழங்கும் நேரமும் அதுதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கரையில் கிடக்கும், பள்ளியும் பெரும்பாலும் லீவு. அதனால் மார்ச்சில் ஏழாம் பாடத்தின் நாடகத்தை மட்டும் இரண்டு முறை திரும்பப் போடுங்கள். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் எல்லாம் நின்றுவிடும் என்பதால், பள்ளிக்குக் குறைந்தது இரண்டு பேருக்குப் பயிற்சி வேண்டும்.

பெற்றோர் கூட்டங்களும் திட்டத்தில் உண்டு. ஐரோப்பாவிலேயே அவற்றுக்கு வந்தவர்கள் குறைவு. இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் அம்மாக்கள் மட்டும் வருவார்கள். படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, சாயங்காலம், ஏலக்கூடத்திலோ சங்கக் கட்டடத்திலோ வையுங்கள். அப்பாக்களிடம் இரண்டு விஷயம் கேட்டால் போதும்: சரக்கு வாங்க, சோடாவும் கிளாஸும் எடுத்துவர பிள்ளையை அனுப்ப வேண்டாம். 'ஒரு வாய் குடிச்சுப் பாரு' என்று நீட்ட வேண்டாம்.