விமானப்படை நாள்: மெரினா வானமா, டெல்லி அருங்காட்சியகமா?

1932 அக்டோபர் 8 அன்று பிறந்தது இந்திய விமானப்படை. ஆண்டு விழாவையொட்டி 2024-இல் மெரினாவில் நடந்த சாகசக் காட்சியில் ரஃபேல் சீறியது, சூர்யகிரண் என்ற விமான சாகச அணி சுழன்றது. கிழட்டு டகோட்டா போக்குவரத்து விமானமும் பறந்தது. ஆனால் கொளுத்தும் வெயில், தாங்க முடியாத நெரிசல். பார்க்க வந்தவர்களில் ஐவர் உயிரிழந்தனர்.

டெல்லியில் பாலம் (Palam) என்ற பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் எதுவும் பறப்பதில்லை. இருந்தாலும் பாரம்பரியம் தேடுபவருக்கு என் வாக்கு இதற்கே. 1933-இல் நான்கே நான்கு வாப்பிட்டி விமானங்களுடன் தொடங்கிய படை இது. அந்த இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தை இங்கே அருகில் நின்று பார்க்கலாம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை வீழ்த்திய நாட் வகைப் போர் விமானமும் உண்டு. இத்தனை சிறியதா என்று தோன்றும்!

சிறுவர்களுக்கு என்னவோ இரைச்சல்தான் பிடிக்கும். அவர்களோடு கடற்கரைக்குப் போவதென்றால் தொப்பியும் நிறையத் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.