திருக்கடையூர் மணிவிழாப் படங்களும் ஒரு விளம்பர நிறுவனமும்: சக புகைப்படக் கலைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சமூக ஊடகத்தில் உங்கள் புகைப்படத் தொழிலை வளர்த்துத் தருகிறோம் என்று சொல்லி மாதக் கட்டணம் கேட்கும் நிறுவனங்களோடு இப்போது பேசிக்கொண்டிருக்கும் நண்பர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை முழுமையாகப் படித்துவிட வேண்டுகிறேன். என்னிடம் பணம் பெற்ற நிறுவனம், செய்யாத விளம்பரத்தைச் செய்ததாகக் கணக்குக் காட்டியது. அதைவிடக் கொடுமை, நான் எடுத்த ஒரு குடும்பத்தின் படங்களை எடுத்து வேறொரு ஸ்டுடியோவின் விளம்பரத்தில் போட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையை மட்டும் விளக்குகிறேன்.

மயிலாடுதுறையில் இருந்துகொண்டு பெரும்பாலும் திருக்கடையூரில் படம் எடுப்பவன் நான். அங்கே அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபது நிறைந்தவர்களுக்கு மணிவிழாவும், எழுபதில் பீமரத சாந்தியும், எண்பதில் சதாபிஷேகமும் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. பிறந்த மாதமும் நட்சத்திரமும் பார்த்துச் செய்பவை என்பதால், கல்யாண வேலை ஓய்ந்து கிடக்கும் ஆடியிலும் மார்கழியிலும்கூட எங்களுக்கு இங்கே ஆர்டர் உண்டு. விழா பெற்றோருக்கு என்றாலும் ஏற்பாடு செய்வது சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள். எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் ஒன்றைக்கூட அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். விழா நடத்தித் தருபவர் கைகாட்டும் ஆள், தங்கும் விடுதியில் சொல்லும் ஆள், இன்ஸ்டாகிராமில் கண்ணில் படும் ஆள் என்று மூன்று வழிகளில்தான் ஒரு புகைப்படக்காரர் அவர்களுக்குக் கிடைக்கிறார். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதை வலுப்படுத்திக்கொள்ளத்தான் அந்த நிறுவனத்தை அணுகினேன்.

மாதம் 18,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். அதில் 8,000 அவர்களுடைய சேவைக் கட்டணம். மீதி 10,000 இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய விளம்பரத் தொகை. கடவுச்சொல்லைக் கேட்டார்கள், நான் தரவில்லை. மெட்டாவின் பிசினஸ் மேனேஜர் வழியாக, கடவுச்சொல் இல்லாமலேயே கூட்டாளி என்ற முறையில் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி அளிக்க முடியும், வேண்டாதபோது அந்த அனுமதியை நாமே திரும்பப் பெறவும் முடியும் என்பதால் அப்படியே செய்தேன். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. விளம்பரத்தை என் பெயரில் உள்ள விளம்பரக் கணக்கிலிருந்து செய்யச் சொன்னபோது, புதிய கணக்கில் செலவு வரம்பு குறைவு, விளம்பரம் அடிக்கடி நிராகரிக்கப்படும், எங்கள் கணக்கு பழையது, அதற்கு மதிப்பு அதிகம் என்று காரணங்களை அடுக்கி, தங்கள் கணக்கிலிருந்துதான் செய்வோம் என்று உறுதியாக நின்றார்கள். இந்த ஒரு நிபந்தனையின்மேல்தான் மோசடி முழுவதும் கட்டப்பட்டிருந்தது. விளம்பரக் கணக்கு யாருடையதோ அவருக்குத்தான் எவ்வளவு செலவானது, யாருக்குக் காட்டப்பட்டது, எத்தனை பேர் செய்தி அனுப்பினார்கள் என்பதெல்லாம் தெரியும். மற்றவருக்குத் தெரிவது அவர்கள் வடிவமைத்து அனுப்பும் அறிக்கை மட்டுமே.

அந்த அறிக்கை மிக அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்றடைந்தவர்கள் லட்சக்கணக்கில், விருப்பக்குறிகள் ஆயிரக்கணக்கில், பின்தொடர்வோர் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறுமுகம் என்று வண்ண வண்ண வரைபடங்கள். ஆனால் ஒருவர்கூட விழா நாளைச் சொல்லி விலை கேட்கவில்லை. இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதியில் பின்தொடர்வோர் எந்தெந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்ற விவரம் கிடைக்கும். அதைத் திறந்து பார்த்தபோது, அதுவரை முதலிடத்தில் இருந்த சென்னை கீழே போய், திருக்கடையூர் என்ற பெயரையே கேட்டிருக்க வாய்ப்பில்லாத வெளிநாட்டு நகரங்கள் வரிசையாக மேலே நின்றன. படங்களுக்குக் கீழே வந்த கருத்துகளும் அப்படியே: தீச்சுடர்ப் படம், கைதட்டும் படம், ‘நைஸ் பிக்’. எண்பது வயதுப் பாட்டனாருக்குக் கலச நீர் ஊற்றும் படத்தின் கீழே ‘ஹாட்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்குகளைத் திறந்து பார்த்தால் சொந்தப் படம் ஒன்றுகூட இல்லை. ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடரும் வெற்றுக் கணக்குகள். விலைக்கு வாங்கும் பின்தொடர்வோர் இப்படித்தான் இருப்பார்கள். வெளிச் செயலிகளின் மூலம் சேரும் போலி விருப்பக்குறிகளையும் பின்தொடர்வோரையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது; என் பக்கத்திலும் சில வாரங்களில் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. கேட்டதற்கு, அல்காரிதம் மாறிவிட்டது சார் என்றார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார் என்ற நம்பிக்கை இத்துறையில் பலருக்கு இருக்கிறது.

முதல் மாதம் ஏதோ விளம்பரம் செய்திருக்கக்கூடும். ஆனால் அது செய்தி அனுப்பக்கூடியவர்களைத் தேடும் நோக்கத்தோடு அமைக்கப்படவில்லை. மெட்டாவில் விளம்பரங்களை அமைக்கும் பகுதியான ஆட்ஸ் மேனேஜரில் விளம்பரம் தொடங்கும்போது நோக்கம் என்ன என்று கேட்கும். காணொளிப் பார்வையைத் தேர்ந்தெடுத்தால், பார்த்துவிட்டுக் கடந்துபோகும் பழக்கம் உடையவர்களாகப் பார்த்து மலிவாகக் காட்டும். அதனால் பார்வைகள் குவியும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வராது. எந்த ஊர்களில் காட்டுவது என்பதும் நாம் தேர்ந்தெடுப்பதுதான். எங்கள் தொழிலுக்கு அறுபது வயதுக்காரரைக் குறிவைப்பதில் பயனில்லை, வெளியூரில் இருக்கும் அவருடைய பிள்ளைகளைத்தான் குறிவைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் படித்ததற்கான அடையாளம் எதிலும் இல்லை.

இரண்டாம் மாதத்தில் விளம்பரமே நடக்கவில்லை என்பதை உறுதிசெய்ய எனக்கு இரண்டு சான்றுகள் கிடைத்தன. முதலாவது, மெட்டாவின் ஆட் லைப்ரரி. எந்தப் பக்கத்தின் பெயரையும் தட்டச்சு செய்து, அந்த நேரத்தில் அது நடத்திக்கொண்டிருக்கும் விளம்பரங்களை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அறிக்கையின்படி விளம்பரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நாட்களில் என் பக்கத்தின் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை. இரண்டாவது, விளம்பரம் செய்ததாக அவர்கள் கணக்குக் காட்டிய ரீல்ஸ் ஒன்றில் திரைப்பாடல் சேர்க்கப்பட்டிருந்தது. பதிப்புரிமை உள்ள திரைப்பாடல் சேர்த்த ரீல்ஸைப் பணம் கட்டி விளம்பரமாக்க இன்ஸ்டாகிராம் அனுமதிப்பதில்லை. மெட்டாவின் ரசீதைக் கேட்டேன். தங்கள் நிறுவனத் தாளில் தாங்களே அச்சிட்ட பில்லை அனுப்பினார்கள். உண்மையான ரசீது விளம்பரக் கணக்கின் கட்டணப் பகுதியில் பிடிஎஃப் கோப்பாகவே கிடைக்கும். பரிவர்த்தனை எண்ணும் 18 சதவீத ஜிஎஸ்டியும் அதில் இருக்கும். அதைத் தரவிறக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர்களால் கடைசிவரை அதை அனுப்ப முடியவில்லை.

இதுவரை சொன்னது பண இழப்பு. இனிச் சொல்லப்போவதுதான் என்னை இதை எழுத வைத்தது. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் ஒரு நாள் இரவு அழைத்தார். அவருடைய பெற்றோரின் மணிவிழாவை நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். “அண்ணா, எங்க அப்பா அம்மா போட்டோவ வேற ஏதோ ஸ்டுடியோ விளம்பரத்துல போட்டிருக்காங்க. நீங்க குடுத்தீங்களா?” என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தமே தெரிந்தது. அவர் அனுப்பிய திரைப்பிடிப்பில், பிள்ளைகள் கலச நீர் ஊற்ற, ஈரப் பட்டோடு கண்மூடி நிற்கும் அந்தத் தம்பதியின் படம். மூலையில் இருந்த என் பெயர் வெட்டி எறியப்பட்டு, வேறொரு மாவட்டத்து ஸ்டுடியோவின் முத்திரையும் ‘மணிவிழா பேக்கேஜ்’ என்ற விலைப்பட்டியலும் ஒட்டப்பட்டிருந்தன. விசாரித்ததில் அந்த ஸ்டுடியோவும் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று தெரிந்தது. அந்த ஸ்டுடியோக்காரருக்குப் படம் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, அவரும் ஏமாந்தவர்தான். நான் வற்புறுத்திக் கேட்ட இலக்குக் குறிப்பை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று எழுதிக்கொடுத்ததை, அவர்கள் பயன்படுத்தியது இந்த விளம்பரத்தில் மட்டும்தான்.

பொதுவெளியில் போட்ட படம்தானே சார், ரெஃபரன்ஸுக்காக எடுத்துக்கொண்டோம் என்பது நிறுவனத்தின் பதில். இங்கே சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே. படமெடுத்த நாம் ஆக்கியோர். நம் பெயரைக் கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி நமக்கு உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் 19ஆம் பிரிவின்படி அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஆகவே அந்தப் படத்தை இன்னொருவரின் விளம்பரத்துக்குக் கொடுக்க எனக்கே உரிமை கிடையாது எனும்போது, என்னிடம் வேலைக்கு அமர்ந்த நிறுவனத்துக்கு அது எங்கிருந்து வரும்? படங்களை என் பக்கத்தில் மட்டும் வெளியிடலாம் என்று அந்தக் குடும்பத்திடம் எழுதி வாங்கியிருந்த ஒரு பக்கத் தாள்தான், அவர்கள் முன்னால் என் நேர்மையை நிறுவ உதவியது.

இன்ஸ்டாகிராமில் பதிப்புரிமைப் புகாரை உரிமையாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோதான் கொடுக்க முடியும் என்பதால், சிங்கப்பூரில் இருந்தவர் தந்தையாரிடம் எழுதி வாங்கிய ஒப்புதலோடு புகார் அனுப்பினார். நான் கேமராவில் பதிவான மூல ரா (raw) கோப்பின் விவரங்களைச் சேர்த்துக் கொடுத்தேன். பதிவேற்றும்போது படத்தோடு உள்ள கேமரா விவரங்கள் நீங்கிவிடும் என்பதால், ரா கோப்புகளை ஆல்பம் கொடுத்த கையோடு அழித்துவிடாமல் வைத்திருப்பது இதற்கும் பயன்படுகிறது. விளம்பரம் நீக்கப்பட்டது. சாதாரண வணிக விளம்பரங்கள் நிறுத்தப்பட்டவுடன் ஆட் லைப்ரரியிலிருந்தும் மறைந்துவிடும் என்பதால், புகாருக்கு முன்பே அந்தப் பக்கத்தைத் தேதியோடும் விளம்பர எண்ணோடும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் இன்று காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெற்றதற்காக, பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக் குற்றத்துக்கான 318ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் துறையில் தனியே மனு கொடுத்திருக்கிறேன்.

சமூக ஊடக விளம்பரமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது என் பெயரிலேயே விளம்பரக் கணக்குத் தொடங்கி, முன்பு கொடுத்ததில் ஒரு பங்கை மட்டும், வாட்ஸ்அப் செய்தி வரவேண்டும் என்ற நோக்கத்தோடு நானே செலவிடுகிறேன், விசாரிப்புகள் வருகின்றன. வேலைப்பளு காரணமாக ஒரு நிறுவனத்திடம்தான் கொடுத்தாக வேண்டும் என்பவர்கள், விளம்பரக் கணக்கும் அதில் இணைத்த வங்கி அட்டையும் தங்களுடையதாகவே இருக்கட்டும்; நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம் மட்டும் போகட்டும். இத்தனை ஆயிரம் பின்தொடர்வோரைத் தருவோம் என்று எண்ணிக்கையை உறுதியளிப்பவர்களிடம் பேச்சைத் தொடராதீர்கள். அனுப்பும் படங்கள் வேறெந்த வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தப்படக் கூடாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குபவர் ஏன் தயங்குகிறார் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

என் 36,000 ரூபாயில் ஒரு ரூபாயும் இன்னும் திரும்பவில்லை. மணிவிழாப் படங்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருப்பதாகவும், விளம்பரத்தைத் தங்கள் பழைய கணக்கிலிருந்துதான் செய்ய முடியும் என்றும் சொல்லி மயிலாடுதுறை, கும்பகோணம், காரைக்கால் பகுதி ஸ்டுடியோக்களை யாராவது அணுகியிருந்தால், அவர்கள் அனுப்பிய அறிக்கையையும் பில்லையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒரே மாதிரியான பில்கள் பலரிடம் இருப்பது தெரிந்தால், மனுவோடு சேர்த்துக் கொடுப்பதாக விசாரணை அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன்.