விரிசல் விட்ட சவரக்கத்திக் கைப்பிடி: ஒட்டுவதா, மாற்றுவதா?

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்யப்பட்ட மடக்குச் சவரக்கத்தி ஒன்று இன்று கைக்கு வந்தால், துருவைத் தேய்த்தெடுத்துத் தீட்டிய பிறகு அதன் அலகு பெரும்பாலும் மீண்டும் வேலைக்கு ஆகும். வயது தெரிவது கொம்பாலான கைப்பிடித் தகடுகளில்தான். அலகு சுழலும் ஆணியின் துளையில் தொடங்கி, கொம்பின் இழையோட்டத்தை ஒட்டி நீளும் விரிசலே அதிகம் காணப்படுவது. கொம்பு உலர உலரச் சுருங்குகிறது, ஆணி சுருங்குவதில்லை. துளைக்குள் சேரும் உலோகக் களிம்பும் உள்ளிருந்து நெருக்குகிறது. ஆட்டம் கண்ட கத்தியை இறுக்குவதாக எண்ணி யாரேனும் ஆணித்தலையை ஓங்கித் தட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே ஆணியைச் சுற்றிய விரிசலை ஆணியைக் கழற்றாமல் ஒட்டுவது, நெருக்கும் காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே பூசுவதாகும். நடுத்தகட்டில் தனித்து நிற்கும் மயிரிழைக் கீறலுக்கு மட்டுமே கழற்றாத வைத்தியம் பொருந்தும்.

அந்த மயிரிழைக் கீறலுக்கு நீர்போல் மெல்லிய சூப்பர் குளூவை மிஞ்ச எதுவும் இல்லை. ஊசி முனையால் ஒரு சொட்டைக் கீறலின் ஓரத்தில் வைத்தால், அது தானாகவே உள்ளே இழுபட்டு ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். கொம்பு படலம் படலமாகப் பிரிந்திருக்கும் இடங்களிலும் இதே முறை நன்றாகவே பலிக்கும். ஆனால் இறுகியபின் அது கண்ணாடித்தன்மை கொள்வதால், கத்தியைத் திறந்து மூடும்போதெல்லாம் விசை ஏறும் ஆணியோரத்தில் அதை நம்ப முடியாது. வெந்நீரும் அதற்கு ஆகாது. சுற்றுப்புறத்தில் வெண்மையாகப் படியும் மூட்டம் கருங்கொம்பில் உறுத்தலாகத் தெரியும், எனினும் உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும்.

இரு கூறுகளைக் கலந்து இறுகவிடும் பசையான எப்பாக்ஸி மெதுவானது, கெட்டியானது, விரிசலுக்குள் தானாக ஓடாதது. விரிசலை மெல்ல விரித்து, அசிட்டோன் என்னும் கரைப்பானால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, மெல்லிய தகட்டு நுனியால் பசையை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அதற்குப் பலனாக, துண்டு சிதறிப் போன இடைவெளியையும் அது நிரப்பும். கரித்தூளோ கொம்பு அராவிய தூளோ கலந்தால் கருங்கொம்பில் ஒட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட, ஓர் இரவு முழுதும் எடுத்துக்கொள்ளும் வகையே ஈரத்தைத் தாங்கும். கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, ஒட்டு வறண்டு நிற்கும். ஆணியோர விரிசலுக்கு நான் எடுப்பது இதைத்தான். அதோடு தகட்டின் உட்புறத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பித்தளைத் தகட்டுத் துண்டு ஒன்றையும் ஒட்டி, துளையை அதனூடே திருப்பிப் போட்டால் விசையைப் பித்தளை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கனத்துக்கு ஈடாக உட்புற வாஷரை மெல்லியதாக மாற்றாவிட்டால் தகடுகள் அகன்றுவிடும்.

உலர்ந்த கொம்புக்கு எண்ணெய் ஊட்டும் பழக்கம் நல்லதே, ஆனால் அது ஒட்டிய பிறகு செய்ய வேண்டிய வேலை. எண்ணெய் ஊறிய விரிசலில் எந்தப் பசையும் பிடிக்காது.

தகடு கொம்பு அல்ல, பழைய வகைப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டு என்றால் கணக்கே மாறுகிறது. 1870-களிலிருந்து புழக்கத்துக்கு வந்த இந்தப் பொருளை லேசாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். கொம்பை அராவினாலோ முடி கருகும் நாற்றம் எழும். செல்லுலாய்டு அசிட்டோனில் கரைவதால், பழைய செல்லுலாய்டுத் துண்டுகளைக் கரைத்த குழம்பையே விரிசலில் இட்டு, உலோகத்தைப் பற்றவைத்ததுபோல் இணைக்கலாம். நிறம் பொருந்துவதில் எப்பாக்ஸி இதற்கு ஈடாகாது. ஆனால் கரைப்பான் முழுதும் ஆவியாகப் பல நாள் ஆகும், காயும்போது குழி விழும், தீயை அருகே கொண்டுபோகவே கூடாது. தகடு நொறுங்கத் தொடங்கி, அதன் எதிரே அலகில் மட்டும் துரு திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால் ஒட்டும் பேச்சே வேண்டாம். சிதையும் செல்லுலாய்டு விடும் அமில ஆவி, உடன் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரிக்கும்.

அங்கேதான் புதுத் தகடு நியாயமாகிறது. மற்ற இடங்களில் அது எளிய வழி போலத் தோன்றினாலும் உண்மையில் நீண்ட வழி: இரண்டு தகடுகளை ஒன்றுபோல் அராவி, அடிமுனையில் தகடுகளுக்கு இடையே இருக்கும் ஆப்பைப் புதிதாகச் சரிவாகச் செதுக்கி, அலகு நடுவில் வந்து விழுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆப்பின் சரிவு சற்றே பிசகினாலும் கூர்முனை ஒரு பக்கத் தகட்டை உரசி மழுங்கும். சேகரிப்பாளரிடம் மதிப்பும் குறையும். தினமும் சவரம் செய்ய மட்டுமே கத்தி என்பவருக்கு அந்தக் கவலை இல்லை. மரமோ எருமைக் கொம்போ அவர் விருப்பம்.

எந்த வழியானாலும் ஆணியைத் திரும்பப் பூட்டும்போது சுமார் 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைக் கம்பியும் சிறு வாஷர்களும் போதும். சிறிய சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல மெல்லிய தட்டுகளாகத் தட்டி, அலகு தானாக விழாமலும் விரலுக்கு இணங்கித் திறக்கும்படியும் ஆன கணத்தில் நிறுத்திவிட வேண்டும்.