இலவச பஸ்ஸா, மாசம் 2000 ரூபாயா? பெங்களூர்ல இருக்குற ஒரு தமிழ்ப் பொம்பளையோட கருத்து

கர்நாடகாவுல 2023 எலெக்ஷன்ல காங்கிரஸ் ஜெயிச்சதும் அவங்க வாக்குறுதி குடுத்த அஞ்சு திட்டம், அதாவது அஞ்சு கேரண்டி, வந்துச்சு இல்லையா, அதுல பொம்பளைங்களுக்குன்னே வந்தது ரெண்டு. ஒண்ணு சக்தி, அந்த வருஷம் ஜூன் 11ல ஆரம்பிச்ச இலவச பஸ். இன்னொண்ணு கிருகலட்சுமி, ஆகஸ்ட் 30ல ஆரம்பிச்சது, குடும்பத் தலைவி அக்கவுண்ட்ல மாசம் 2000 ரூபாய். எங்க ஸ்ரீராமபுரத்துல டீக்கடை, கல்யாண வீடு, காதுகுத்து எங்க போனாலும் இந்த ரெண்டைப் பத்தி ஒரு சண்டை நடக்கும். அரசாங்கத்துகிட்ட காசு இல்ல, எதையாவது நிறுத்தப்போறாங்கன்னு பேச்சு கிளம்பும்போதெல்லாம் எதை நிறுத்தலாம்னு ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன், ரெண்டுல ஒண்ணுதான்னு ஒரு நிலைமை வந்தா பஸ்தான் நிக்கணும். 2000 ரூபாய் பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லாம விடமாட்டேன்.

மொதல்ல கணக்கு. 2025-26 பட்ஜெட்ல அஞ்சு கேரண்டிக்கும் சேர்த்து 51,000 கோடிக்கு மேல ஒதுக்கினாங்க. அதுல கிருகலட்சுமிக்கு மட்டும் 28,000 கோடிக்கு மேல, சக்திக்கு 5,300 கோடி. பஸ்ஸுக்கு ஆகுற மாதிரி அஞ்சு மடங்குக்கும் மேல அங்க போகுது. பஸ்ஸை சும்மா விட்டுத்தான் கஜானா காலியாச்சுன்னு சொல்றவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். பஸ்ல கூட்டம் எல்லார் கண்ணுக்கும் தெரியுது, அக்கவுண்ட்ல விழுற காசு யாருக்கும் தெரியறதில்ல, அதனால திட்டு பூரா பஸ்ல நிக்கிற பொம்பளைங்களுக்கே கிடைக்குது.

அடுத்தது, யார் கைக்குப் போய்ச் சேருதுங்கறது. எனக்கு இதுதான் முக்கியம். பஸ்ல ஏறினா ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டையைக் காட்டணும், கண்டக்டர் காசு வாங்காம ஜீரோ டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாரு, முடிஞ்சுது. அப்ளிகேஷன் இல்ல, ஆபீஸ்ல போய் நிக்கிறது இல்ல, யாரோட கையெழுத்தும் வேண்டாம். அந்த டிக்கெட்டோட நிஜ விலையை அரசாங்கம் பஸ் கழகத்துக்குக் கட்டணும், அது அவங்களுக்குள்ள இருக்குற பஞ்சாயத்து. 2000 ரூபாய் அப்படி இல்ல. ரேஷன் கார்டு வேணும், அந்தக் கார்டுல குடும்பத் தலைவின்னு உன் பேர் இருக்கணும், பேங்க் அக்கவுண்ட் ஆதாரோட சேர்ந்திருக்கணும், நீயோ உன் வீட்டுக்காரரோ இன்கம்டாக்ஸ், ஜிஎஸ்டி கட்டுறவங்களா இருக்கக்கூடாது. லோனுக்காக ஒரு தடவை ரிட்டர்ன் போட்டோம், அதுக்கே பேரை எடுத்துட்டாங்கன்னு புலம்புறவங்க இருக்காங்க. புதுசா ரேஷன் கார்டு வாங்குறது இந்த ஊர்ல லேசுப்பட்ட காரியம் இல்லைன்னு அலைஞ்சவங்களுக்குத் தெரியும், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பொண்ணு இன்னும் மாமியார் கார்டுலயே இருப்பா, அவளுக்கு ஒண்ணும் வராது. மாமியாருக்கா மருமகளுக்கான்னு 2023லயே பெரிய விவாதம் நடந்துச்சு, மாமியாருக்குத்தான்னு முடிவாச்சு. மாமியார் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, ஆனா காலையில எழுந்து கார்மெண்ட்ஸுக்கு ஓடுறது பாதி வீட்ல மருமகதான். பஸ்ல ரெண்டு பேருக்கும் டிக்கெட் கிடைக்குது, மாமியாருக்கும் கிடைக்குது, மருமகளுக்கும் கிடைக்குது, வயசுக்கு வராத பேத்திக்கும் கிடைக்குது.

இன்னொண்ணு, பணம் மாசாமாசம் ஒழுங்கா வர்றதில்ல. ரெண்டு மாசம் வராது, அப்புறம் ஒரு மாசத்துது விழும், மீதி எங்கன்னு கேட்டா பதில் இருக்காது. சீட்டுக் கட்டுறவங்க, ஸ்கூல் ஃபீஸுக்கு இதை நம்பினவங்க எல்லாம் ஃபோனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. பஸ்ஸுக்கு பாக்கி வெக்க முடியாது, இன்னைக்கு வேலைக்குப் போகணும்னா இன்னைக்கே ஏத்திக்கிட்டுத்தான் ஆகணும். அரசாங்கம் கழகத்துக்குப் பணத்தை லேட்டா குடுத்தாலும் அந்த பாரம் மொதல்ல விழுறது கழகத்து மேல, பஸ் ஏறுறவ மேல இல்ல.

இந்த இலவச பஸ் என்ன மாத்திச்சுன்னு வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்குச் சொல்லணும். ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பக்கம் இருக்குற நம்ம தமிழ் பொம்பளைங்க முன்னாடியெல்லாம் நடந்து போற தூரத்துலயே வீட்டு வேலை தேடுவாங்க, ஏன்னா பஸ் காசு போனா சம்பளத்துல பெருசா ஒண்ணும் நிக்காது. இப்போ பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு அபார்ட்மெண்ட்ல கூடுதல் சம்பளம் குடுத்தா தைரியமா அங்க போறாங்க. இந்த வீட்ல சரியா நடத்தலைன்னா வேற வீடு பார்த்துக்கறேன்னு சொல்ற தெம்பு வந்திருக்கு, எனக்கு இதுதான் எல்லாத்தையும்விட பெருசாப் படுது. தமிழ்நாட்டுல இருக்குற இலவச பஸ்ஸைப் பத்தி அவங்க மாநிலத் திட்டக் குழு ஆய்வு பண்ணினப்போ ஒரு பொம்பளைக்கு சராசரியா மாசம் 888 ரூபாய் மிச்சம்னு வந்துச்சு. அது டவுன் பஸ்ல மட்டும். பெங்களூர்ல ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறவளுக்கு எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

வேலைக்கு மட்டும் இல்ல. விக்டோரியா ஆஸ்பத்திரி, கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரி, மனநலம், நரம்புக்குப் பார்க்குற நிம்ஹான்ஸ்னு திரும்பத் திரும்பப் போக வேண்டியவங்க இருக்காங்க, கூட ஒரு ஆளும் போகணும். கோலார் தங்கவயல்ல 2001ல சுரங்கத்தை மூடினப்புறம் அங்க இருக்குற நம்ம ஜனங்க எத்தனை பேர் பொழப்புக்கு பெங்களூரையே நம்பியிருக்காங்க, அந்த ஊர் பொம்பளைங்க கேஎஸ்ஆர்டிசி அரசு பஸ்ல காசு இல்லாம வந்து போக முடியுது. தர்மஸ்தலா போறாங்க, மாதேஸ்வரன் மலை போறாங்க, இதுக்கா நம்ம வரிப்பணம்னு ஒரு கூட்டம் கேக்குது. ஆமா, அதுக்கும்தான். வாழ்க்கை பூரா அடுப்படி, வேலை, தண்ணி பிடிக்கிறதுன்னு இருந்தவ ஒரு நாள் சாமி கும்பிடப் போனா அதுல யாருக்கு என்ன கொறைஞ்சு போச்சு? 2025 ஜூலைக்குள்ள சக்தி டிக்கெட் 500 கோடியைத் தாண்டிருச்சு. இத்தனை தடவை பொம்பளைங்க வீட்டை விட்டு வெளிய வந்து போயிருக்காங்கன்னு நான் அதைப் படிக்கிறேன்.

சரி, 2000 ரூபாய் பக்கம். எங்க அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, பஸ் அவங்களுக்கு எதுக்கு? அவங்களுக்கு மாத்திரை வாங்க, பேத்திக்கு ஏதாவது வாங்கிக் குடுக்க, யாரையும் கேக்காம செலவு பண்ண அந்தக் காசு வேணும். படுத்த படுக்கையா இருக்குறவங்களைப் பார்த்துக்குற பொம்பளைங்க, கைக்குழந்தைக்காரங்க, ஒரு நாளைக்கு ரெண்டு பஸ் மட்டும் வந்து போற கிராமத்துல இருக்குறவங்க, இவங்களுக்கெல்லாம் சக்தி பேருக்குத்தான் இருக்கு. பொம்பளை கையில காசு குடுத்தா புருஷன் குடிச்சுருவான்னு சொல்றாங்களே, அது சில வீட்ல நடக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பார்த்த வரைக்கும் அதிகமா அரிசி, கேஸ், ஸ்கூல், சீட்டு, இப்படித்தான் போகுது. அதனால காசு குடுக்கறதே தப்புன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வீட்ல வாஷிங் மெஷின், கார் எல்லாம் வெச்சிருந்து வரி கட்டாதவங்க இருக்குற குடும்பத்துக்கும் அதே 2000, விதவை அம்மாவுக்கும் அதே 2000ங்கறதுதான் எனக்கு இடிக்குது. தமிழ்நாட்டுல 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய்தான், ஆனா வருஷ வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள, நிலம் இவ்வளவுக்குள்ள, வருஷத்துக்கு கரண்ட் 3600 யூனிட்டுக்குள்ளன்னு வரையறை வெச்சாங்க. அதுலயும் விட்டுப் போனவங்க நிறைய, மனு போட்டு அலைஞ்சாங்க. வரையறை வெச்சா விட்டுப் போகுது, வெக்கலைன்னா காசு தண்ணியா ஓடுது, ரொக்கத்துல இந்தச் சிக்கல் எப்பவும் இருக்கும். பஸ்ல இது தானாவே தீர்ந்து போகுது, கார் வெச்சிருக்குறவ கூட்டத்துல நின்னு பெங்களூர் டவுன் பஸ்ஸான பிஎம்டிசில வரமாட்டா, வந்தாலும் நல்லதுதான், ரோட்ல ஒரு கார் கம்மி.

பஸ்ஸால அடி வாங்கினவங்களைப் பத்தி பேசாம இதை முடிக்க முடியாது. எங்க சித்தப்பா ஆட்டோ ஓட்டுறாரு. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் பக்கம் பையோட நிக்கிற பொம்பளைங்க ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஆட்டோ பிடிப்பாங்க, அந்தச் சவாரி போச்சுன்னு சொல்றாரு. 2023 செப்டம்பர் 11ல ஆட்டோ, டாக்ஸி, தனியார் பஸ்காரங்க எல்லாம் சேர்ந்து பந்த் பண்ணினாங்க, அதுல அவங்க சொன்னதுல உண்மை இருந்துச்சு. இதுக்கு பஸ்ஸை நிறுத்துறது வழி இல்ல. ஆட்டோக்காரங்களுக்கு எலக்ட்ரிக் ஆட்டோவுக்கு வட்டியில்லாத கடன், பிள்ளைங்க படிப்புக்கு உதவி, மெட்ரோ ஸ்டேஷன்ல ஒழுங்கான ஸ்டாண்டு, இதையெல்லாம் சக்தி ஆரம்பிச்ச அன்னைக்கே சேர்த்துச் செஞ்சிருக்கணும்.

ஆம்பளைங்க கோபமும் புரியுது. என் வீட்டுக்காரரும் பஸ்லதான் போறாரு, 2025 ஜனவரியில டிக்கெட் 15 சதவீதம் ஏத்தினாங்க, காசு குடுத்தும் நின்னுக்கிட்டுப் போறேன்னு சொல்றாரு. மெட்ரோல போகலாம்னா அதுலயும் 2025 பிப்ரவரியில ஏத்தி அதிகபட்சம் 60 இருந்தது 90 ஆயிருச்சு. இந்தக் கோபத்தை பக்கத்துல நிக்கிற பொம்பளை மேல காட்டுறதுதான் தப்பு, கூட்டம் ஏறின அளவுக்கு பஸ் ஏறலையேன்னு மந்திரிகிட்ட கேக்கணும். சும்மா வர்றவங்கதானேன்னு பொம்பளைங்க நிக்கிற ஸ்டாப்ல நிறுத்தாம போற பஸ்ஸும் உண்டு, அப்போ வர்ற அவமானத்துக்கு எந்த பட்ஜெட்லயும் கணக்கு இல்ல.

இப்போ நம்மாளுங்களுக்கு முக்கியமான விஷயம். சக்தி, கர்நாடகாக்காரங்களுக்கு மட்டும். ஆதார் மாதிரி அடையாள அட்டையில கர்நாடகா விலாசம் இல்லைன்னா முழு டிக்கெட். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைல இருந்து வந்து கட்டட வேலை செய்யறவங்க, ஓசூர்ல இருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வர்றவங்க எல்லாம் காசு குடுக்கணும். விலாசத்தை மாத்துன்னு ஈஸியா சொல்றாங்க, வாடகை அக்ரிமெண்ட் போட்டுக் குடுக்க ஓனருக்கு மனசு வரணுமே? ஷெட்ல தங்கி வேலை பார்க்குறவளுக்கு எந்த ஓனர்? இருக்குறதுலயே ஏழை அவதான், அவதான் டிக்கெட் எடுக்குறா. 2021 மே மாசம் தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச திட்டத்துல ஆதாரே கேக்கறதில்ல, கன்னடக்கார அம்மா ஓசூர் டவுன் பஸ்ல ஏறினாலும் இலவசம், பீகார்க்கார பொண்ணு சென்னையில ஏறினாலும் இலவசம். டெல்லியிலயும் 2019 அக்டோபர்ல பிங்க் டிக்கெட் ஆரம்பிச்சப்போ எந்த ஊர்னு கேக்கல. ஆனா தமிழ்நாட்டுல சாதாரண டவுன் பஸ் மட்டும்தான், தூரமா போகணும்னா காசு. கர்நாடகாவுல ஏசி, ராஜஹம்சா மாதிரி சொகுசு பஸ் தவிர எக்ஸ்பிரஸ்ல மாநிலம் பூரா போகலாம், வடக்குக் கோடியில இருக்குற பீதர் வரைக்கும் போகலாம். தூரத்துல கர்நாடகா மேல, மனசுல தமிழ்நாடு மேல. நான் இங்கயே பொறந்து இங்கயே ஓட்டு போடுறவ, இந்த ஊர் எனக்குச் சோறு போட்டிருக்கு, அந்த உரிமையிலதான் கேக்குறேன், பெங்களூரைக் கட்டுறவளை பெங்களூர் பஸ்ல மட்டும் வெளியாளுன்னு சொல்லாதீங்க.

இலவசமே வேண்டாம், ரோடு போடுங்கன்னு சொல்ற மூணாவது கட்சியும் உண்டு. 2022 ஜூலைல பிரதமர் மோடி இந்த இலவசங்களை ரேவடி கலாச்சாரம், அதாவது ஓட்டுக்காக மிட்டாய் குடுக்குற பழக்கம்னு சொன்னாரு. அப்புறம் அவரோட கட்சியே மத்தியப் பிரதேசத்துல 2023ல லாட்லி பெஹ்னா, அடுத்த வருஷம் மகாராஷ்டிராவுல கூட்டணியோட லாட்கி பஹீன்னு மாசாமாசம் பணம் குடுத்துச்சு. அதனால கொள்கைன்னு யாரும் பேச வேண்டாம். பெங்களூர்ல ஹெப்பாள்ல இருந்து சில்க் போர்டு வரைக்கும் சுரங்க ரோடு போட 17,000 கோடிக்கு மேல ஆகும்னு திட்டம் போடுறாங்க, அதுல டோல் கட்டி போகப்போறது கார். சக்திக்கு ஆகுற 5,300 கோடி வீண்னா இதை என்னன்னு சொல்றது?

நான் முடிவெடுக்கற இடத்துல இருந்தா இப்படித்தான் பண்ணுவேன். சக்தியைத் தொடக்கூடாது, விலாச நிபந்தனையை எடுக்கணும், எடுக்க முடியலைன்னா வேலை செய்யற இடத்துல இருந்து ஒரு கடுதாசி குடுத்தா பாஸ் குடுக்கணும். பிஎம்டிசிக்கு பஸ் வாங்க காசு ஒதுக்கணும், அரசாங்கம் தரவேண்டிய பாக்கியைத் தேதி தவறாம தரணும். கிருகலட்சுமியை ஒரேயடியா நிறுத்தினா ஏழை வீடுதான் ஆடிப்போகும், அதனால படிப்படியா சுருக்கி நடக்க முடியாதவங்க, விதவைங்க, தனியா பிள்ளைங்களை வளர்க்கறவங்க பக்கம் திருப்பணும். இங்க விதவை பென்ஷன் வெறும் 800 ரூபாய். அந்த 28,000 கோடியில ஒரு பங்கை அங்க போட்டாலே எங்க தெருவுல எத்தனையோ அம்மாங்க தலை நிமிர்ந்து இருப்பாங்க, மீதியில பஸ் வாங்கலாம், ஆட்டோக்காரங்களுக்கும் ஏதாவது செய்யலாம்.